செந்தொடை

அதிகாலை மூணே முக்கால்.
பத்துகாணிக்கு மேலே ரப்பர் சரிவில்
தலைவிளக்கு ஒன்று தரையில் கிடந்து
இலைகளின் அடிவயிற்றைக் காட்டிக்கொண்டிருந்தது.

பன்றி குறுக்கே பாய்ந்திருக்கிறது.
அடுத்த மரத்துக்குப் போகிற வழியில்
பால்வெட்டுக் கத்தி
சேம்ராஜின் வலது கவட்டுக்குக் கீழே
மூன்று விரற்கடையில் இறங்கிவிட்டது.
மரம் என்றால் சாய்வாய்க் கீறி
சிரட்டை வைத்திருப்பான்.
இதற்குச் சிரட்டை காணாது.

கட்டுப் போடுகிற இடத்தில் இல்லை காயம்.
துணியைச் சுருட்டி இறுக்க
அதற்கு மேலே தொடை மிச்சமில்லை.
முட்டுக்குத்தி உட்கார்ந்தேன்.
இடுப்பெலும்பின் முன்முனையைத் தொட்டேன்,
பூப்பெலும்பின் இணைப்பைத் தொட்டேன்,
இரண்டுக்கும் சரிபாதியில்
கைமுட்டியை ஊன்றி
என் அறுபத்திரண்டு கிலோவையும் சாய்த்தேன்.

நின்றது.

அந்தச் சந்தில்
மூன்று வீடு ஒட்டிக்கொண்டு இருக்கின்றன.
வெளிப்புறம் நரம்பு, நடுவே தமனி, உள்ளே சிரை.
மேலே சாய்வாக ஒரு நார்ப்பட்டை,
அளவுக்காரன் இழுத்துக் கட்டிய கயிறு மாதிரி.
கயிற்றுக்கு மேலே அதற்கு
இடுப்புத் தமனி என்று பேர்.
அடியில் நுழைந்ததும் தொடைத் தமனி.
குழாய் ஒன்றுதான்.
பேர் மாறியதை ரத்தத்துக்கு
யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அனிஷ் வண்டியைத் திருப்பாமல் கேட்டான்,
"எக்கா, அங்கோட்டா, இங்கோட்டா?"
விதிப்படி இங்கோட்டு: ஆசாரிபள்ளம், ஒண்ணேகால் மணி நேரம்.
அங்கோட்டு, மலையாளத்தில், இருபது நிமிஷம்.
என் முட்டிக்கு அடியில்
ஒன்று துடித்துத் துடித்து வழி கேட்டது.
"அங்கோட்டு விடு."

ஒன்பதாம் வகுப்பில்
தமிழய்யா கரும்பலகையில் எழுதினார்:
மோனைத் தொடை, எதுகைத் தொடை.
கடைசி பெஞ்சு சிரித்துச் செத்தது.
பெண்கள் நாங்கள் குனிந்துகொண்டு சிரித்தோம்.
முடிந்த இடத்திலேயே தொடங்கினால் அந்தாதித் தொடை.
எதுவுமே பொருந்தி வராவிட்டால் செந்தொடை.
அவர் முகத்தில் சிரிப்பே இல்லை.
எனக்கு இப்போதுதான் அது போயிற்று.

வளைவில் சேம்ராஜ் கண் திறந்தான்.
பாதிப் போன உயிரோடு
கை நீட்டித் தேடினான்.
கம்பியைப் பிடிக்க என்று நினைத்தேன்.
கைலியின் ஓரத்தை எடுத்து
என் கைக்கு மேலே மூடப் பார்த்தான்.
"பாக்கல தம்பி," என்றேன்.
பொய். வேறெதையும் பார்க்கவில்லை நான்.

செக்போஸ்டில் டார்ச் அடித்தார்கள்.
"எவிடேக்கா?"
அனிஷ் பதில் சொல்லவில்லை. பின்கதவைத் திறந்து காட்டினான்.
தடுப்புக் கம்பு
ஒரு நொடி தயங்கி மேலே போயிற்று.

அங்கே ஒரு சின்னப் பெண் டாக்டர் ஓடி வந்தாள்.
"கை எடுக்கல்லே!"
இல்லை, எடுக்கலை என்றேன் நான்.
எடுக்காதே என்றாளாம் அவள்.
பிறகுதான் தெரிந்தது.
அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

அறைக்குள் இன்னொரு கை வந்து
என் கைக்குக் கீழே இடம் பிடித்தது.
என்னை விலக்கினார்கள்.
விரல்கள் விரிய மாட்டேன் என்றன.
சுடுதண்ணீரில் வைத்து ஒவ்வொன்றாய் நிமிர்த்தினேன்.
கையுறையில் ரத்தம் காய்ந்திருந்தது, அதன்மேல்
அவன் கைலியிலிருந்து ஒட்டிய ரப்பர் பால்.
கையுறையும் ஏதோ ஒரு மரத்தின் பால்தான்.
உரிக்கும்போது எது எதோடு வருகிறதென்று
பிரிக்க முடியவில்லை.

கால் தப்பியது.
முன்தொடையில் மட்டும் தொட்டால்
யாரோ போர்வைக்கு மேலே தொடுகிற மாதிரி என்கிறானாம்.
கத்தி நரம்பையும் உரசியிருக்கிறது.

எல்லை தாண்டியதற்கு விளக்கம் எழுதச் சொன்னார்கள்.
"நோயாளியின் நலன் கருதி" என்று தொடங்கி
அதற்குமேல் ஓடாமல் பேனாவை வைத்தேன்.
மேஜைக்கு அடியில்
என் கை தானாகவே போய்
என் கவட்டின் சரிபாதியைத் தேடிக்கொண்டிருந்தது.
சேலை மடிப்புக்கும் உள்பாவாடைக்கும் கீழே
அது இருந்தது.